பதினோராம் எண் கூண்டு

வாசகர் கேள்வி - பதில்

இரண்டு இதழ்களுக்கு முன்னால் ஒரு பதிலின் நடுவே, "பேரிடர் பாடத்தை நர்சிங் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் மட்டும் நடத்தினால் அது பரீட்சைக்குத்தான் உதவும்" என்று எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நிறைய பேர் எழுதிவிட்டீர்கள். ஆசிரியர்கள், மாணவிகள், ஒரு மாணவியின் அப்பா, டியூட்டியில் இருக்கும் சிஸ்டர்கள். அதனால் இந்த முறை மற்ற கேள்விகளைத் தள்ளிவைத்துவிட்டு இதற்கே இடம் முழுவதையும் எடுத்துக்கொள்கிறேன். டெல்டா கடற்கரைப் பக்கம் 30 வருஷத்துக்கு மேல் நர்சிங் டியூட்டராக இருந்தவள் நான். செய்து பார்த்ததைச் சொல்கிறேன்.

"சமுதாய நல நர்சிங் பாடம் எடுக்கிறேன். பேரிடருக்குக் கிடைப்பது சில மணி நேரம்தான். தணிப்பு, ஆயத்தம், மீட்பு, மறுவாழ்வு என்று எழுதிப்போட்டால் பிள்ளைகள் மனப்பாடம் செய்து மார்க் வாங்கிவிடுகிறார்கள். கையில் பணம் இல்லாமல் இதைச் செய்முறையாக நடத்த வழி உண்டா மேடம்?"
- ஆசிரியை, திருவாரூர் மாவட்டம்

உண்டு. பணம் அதிகம் வேண்டாம். இரண்டு மூன்று மதிய நேரங்களும், முதல்வர் ஒருவருடைய சம்மதமும் வேண்டும்.

முதல் வகுப்பில் நான் எதையும் சொல்லித் தரமாட்டேன். ஆளுக்கு ஒரு வெள்ளைத்தாள் கொடுத்து, "நேற்று டியூட்டி பார்த்த வார்டை வரையுங்கள்" என்பேன். கட்டில்களைச் சரியாக வரைவார்கள். நர்சிங் ஸ்டேஷன், மருந்து அலமாரி, பாத்ரூம் எல்லாம் வந்துவிடும். மெயின் சுவிட்ச் எங்கே? தீயணைப்பு சிலிண்டர் எங்கே மாட்டியிருக்கிறது? பின்பக்கக் கதவு உள்பக்கமாகத் திறக்குமா, வெளிப்பக்கமாகவா? ஸ்ட்ரெச்சர் அதில் நுழையுமா? ஆக்சிஜன் குழாயை அடைக்கும் வால்வு எது? தாள் வெறுமையாக இருக்கும். அந்தத் தாளோடு வார்டுக்கு அழைத்துப் போய், நிரப்பிக்கொண்டு வரச் சொல்வேன். அவர்கள் கேட்கவேண்டிய முதல் கேள்வி, "சாவி யாரிடம்?" என்பது.

இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் திருட்டுக்குப் பயந்து வார்டின் பின்கதவைப் பூட்டி வைத்திருந்தார்கள். சாவி அலுவலக அறையில், ஒரு மேசை டிராயரில். ஒருநாள் ராத்திரி ஏசி பெட்டியிலிருந்து புகை வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் அலுவலகமும் பூட்டு, டிராயரும் பூட்டு. 22 நோயாளிகளை ஒரே கதவு வழியாக, புகைக்குள்ளேயே, வெளியே கொண்டுவந்தோம். புகையோடு நின்றதால் பிழைத்தோம். மறுநாளே சாவியை நர்சிங் ஸ்டேஷன் சுவரில், கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்கவிட வைத்தேன். அதற்கு நான் போட்ட சண்டை தனிக்கதை.

அதே நாள் போர்வை இழுப்பையும் பழக்கிவிடுங்கள். நோயாளியை ஸ்ட்ரெச்சருக்கு மாற்ற நேரம் இல்லை என்றால், மெத்தை விரிப்போடு தரைக்கு இறக்கி இழுத்துக்கொண்டு போகவேண்டும். படியில் இறங்கும்போது கால் முன்னால், தலைப்பக்கம் மேலே. 45 கிலோ இருக்கும் மாணவியால் 70 கிலோ ஆளை வராந்தா முழுக்க இழுக்க முடியும் என்பதைச் செய்து பார்த்தால்தான் நம்புவாள். "தூக்குவது பையன்கள் வேலை" என்ற பேச்சும் அன்றோடு போய்விடும். தீயணைப்பு நிலையத்துக்கு ஒரு கடிதம் கொடுங்கள், வந்து செய்துகாட்டுவார்கள். ஆனால் அவர்கள் செய்ய, பிள்ளைகள் கைதட்டிப் பார்ப்பதாக முடியக்கூடாது. ஒவ்வொரு பெண்ணும் தன் கையால் தீயணைப்பு சிலிண்டரின் பின்னை இழுத்து, தீயின் அடிப்பாகத்தைக் குறிவைத்து, அழுத்தி, இரண்டு பக்கமும் வீசவேண்டும்.

இரண்டாவது வகுப்பு, ட்ரையாஜ். நூறு பேர் வந்து விழுந்தால் யாரை முதலில் பார்ப்பது என்று பிரிப்பது. கலிபோர்னியாவில் 1983-ல் ஒரு மருத்துவமனையும் தீயணைப்புத் துறையும் சேர்ந்து உருவாக்கிய 'ஸ்டார்ட்' முறையைத்தான் நான் சொல்லித்தருவேன். ஆளுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகக்கூடாது. பார்த்ததும் ஒரு நிற அட்டை கட்டவேண்டும்: சிவப்பு உடனே பார்க்கவேண்டியவர், மஞ்சள் கொஞ்சம் காத்திருக்கக்கூடியவர், பச்சை லேசான காயம், கறுப்பு இறந்தவர் அல்லது பிழைக்க வாய்ப்பில்லாதவர். முதலில் சத்தமாக, "நடக்க முடிந்தவங்க எல்லாரும் அந்த வேப்பமரத்தடிக்குப் போங்க!" எழுந்து நடந்தவர்கள் பச்சை. மற்றவர்களிடம் மூச்சைப் பார். மூச்சு இல்லையா, தலையைச் சாய்த்துக் காற்றுப்பாதையைத் திற. அப்போதும் வரவில்லை என்றால் கறுப்பு. வந்துவிட்டால் சிவப்பு. மூச்சு நிமிடத்துக்கு 30-க்கு மேல் போனால் சிவப்பு. மணிக்கட்டில் நாடி இல்லை, அல்லது நகத்தை அழுத்தி விட்டால் ரத்தம் திரும்ப 2 விநாடிக்கு மேல் ஆகிறது, அதுவும் சிவப்பு. "என் கையைப் பிடிங்க" என்றால் பிடிக்கத் தெரியவில்லை, சிவப்பு. இதில் எதிலும் வராதவர் மஞ்சள். பிரிக்கும்போது செய்ய அனுமதி உள்ள வைத்தியம் இரண்டே: காற்றுப்பாதையைத் திறப்பது, பீறிட்டு வரும் ரத்தத்தை நிறுத்துவது. நம் பிள்ளைகள் நின்று பி.பி. பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். கருவியைப் பிடுங்கி வைத்துவிடுங்கள்.

மூன்றாவது நாள், மைதானத்தில் ஒத்திகை. 'ஆற்றுப் பாலத்தில் பஸ் கவிழ்ந்தது' என்று வைத்துக்கொள்வோம். முதல் வருஷப் பிள்ளைகள் 20 பேர் காயம்பட்டவர்கள். மைதாவைக் கெட்டியாகப் பிசைந்து கையில் ஒட்டி, ஸ்பூன் காம்பால் நடுவே கீறி, குங்குமத்தைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து விட்டால் வெட்டுக்காயம். ஓரத்தில் அடுப்புக்கரித் தூளைத் தேய்த்தால் தீக்காயம். பீட்ரூட் சாற்றில் நனைத்த துணி, ரத்தம். இதற்கெல்லாம் கேன்டீன் அக்காவே போதும். ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு அட்டை: மூச்சு எத்தனை, நாடி எத்தனை, என்ன பேசவேண்டும். அதில் ஒருவர் இந்தி மட்டும் பேசும் கட்டடத் தொழிலாளி. ஒருவர் ஒன்பது மாதக் கர்ப்பிணி. ஒரு தாய், மூச்சில்லாத பிள்ளையை மடியை விட்டு இறக்கமாட்டாள். ஒருவர் போனில் வீடியோ எடுத்துக்கொண்டே குறுக்கே நிற்பார். ஒருவர் எதுவுமே பேசாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். இந்தக் கடைசி ஆளை ஏன் வைக்கிறேன் என்பதை அடுத்த பதிலில் சொல்கிறேன்.

பத்து நிமிடம் கழித்து மாணவித் தலைவியைக் கூப்பிட்டு, "உனக்குக் கால் முறிந்துவிட்டது, படுத்துக்கொள்" என்று சொல்லிவிடுங்கள். அடுத்தவள் எழுந்து பொறுப்பேற்கிறாளா என்று பார்க்க வேண்டும்.

இன்னொன்று. துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டு ஒன்றில் தொடங்கிப் பதினொன்று வரை. பத்து என்றால் மிகப் பெரிய அபாயம். பதினொன்று அதைவிடப் பெரிய புயல் என்றுதான் பலர் நினைத்திருக்கிறார்கள். அப்படி இல்லை. புயல் எச்சரிக்கை மையத்தோடு தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்பதுதான் பதினொன்று. என் ஒத்திகையின் பாதியில் நான் 'பதினொன்று' என்று கத்துவேன். உடனே எல்லா செல்போனும் ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் போய்விடும். மைக் கிடையாது, மின்சாரம் கிடையாது. இனி எல்லாச் செய்தியும் துண்டுச்சீட்டில், ஓடிப்போய்க் கொடுப்பவர் கையில். சீட்டில் நான்கு விஷயம் இருக்கவேண்டும்: எங்கிருந்து, எந்த நிறத்தில் எத்தனை பேர், என்ன வேண்டும், எழுதியவர் யார் எத்தனை மணிக்கு. முதல் தடவை வந்த சீட்டு ஒன்றில் "மேடம் சீக்கிரம் வாங்க" என்று மட்டும் இருந்தது. அதை நான் வைத்திருந்து ஒவ்வொரு வருஷமும் காட்டினேன்.

எல்லாம் முடிந்ததும் குங்குமத்தைக் கழுவுவதற்கு முன்னால், மரத்தடியில் வட்டமாக உட்கார வைத்துப் பேசுங்கள். ஒத்திகைக்கு ஒரு மணி நேரம் என்றால் இந்தப் பேச்சுக்கும் ஒரு மணி நேரம். காயம்பட்டவர்களாக நடித்தவர்களை முதலில் பேசவிடுங்கள். "என் மேல் மூன்று பேர் அட்டை கட்டினார்கள், மூன்றும் வேறு நிறம்" என்று ஒரு பெண் சொல்வாள். "என்னிடம் யாருமே பெயர் கேட்கவில்லை" என்று இன்னொருத்தி. நீங்கள் நடத்தவேண்டிய பாடம் அவர்கள் வாயிலிருந்தே வந்துவிடும். பேனர் கட்டி, விருந்தினரை அழைத்து, படம் எடுத்து, பத்தே நிமிடத்தில் கலைந்துபோகும் ஒத்திகைகளைப் பார்த்திருக்கிறேன். அவற்றில் இந்த மரத்தடி ஒரு மணி நேரம் இருப்பதே இல்லை. எனக்கு அது தாங்காது.

"மூன்றாம் ஆண்டு படிக்கிறேன் அம்மா. ஒத்திகையில் ஆறு வயதுக் குழந்தைக்குக் கறுப்பு அட்டை போடவேண்டி வந்தது. நடிப்பு என்று தெரிந்தும் என்னால் கட்ட முடியவில்லை, அழுதுவிட்டேன். தோழிகள் கிண்டல் செய்கிறார்கள். நான் இந்த வேலைக்கு லாயக்கில்லையோ?"
- மாணவி, இராமநாதபுரம்

லாயக்குதான் மகளே. அழுததற்காக யாரும் உன்னைத் தள்ள முடியாது. ஆனால் உன் கேள்விக்கு நான் கொஞ்சம் சுற்றித்தான் பதில் சொல்லவேண்டும்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். வேளாங்கண்ணியில் நல்ல கூட்டம். சுமத்ராவுக்கு அருகே கடலடியில் நிலம் அதிர்ந்தபோது நம் நேரம் காலை ஆறரை இருக்கும். இரண்டு, இரண்டரை மணி நேரம் கழித்து அலை இங்கே வந்தது. அந்த இடைவெளியில் யாரும் எங்களுக்கு எதுவும் சொல்லவில்லை. சொல்ல அன்று ஏற்பாடும் இல்லை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள்.

நான் அப்போது கடலோரத்தில் ஒரு மருத்துவமனையில் இருந்தேன். விடுமுறை நாள், ஆள் குறைவு. என்னோடு கடைசி வருஷ மாணவிகள் மூன்று பேர். மீன் வண்டியிலும் டிராக்டரிலும் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். உடம்பெல்லாம் மணல், கருவேல முள், படகு இடித்த காயம். என் மாணவிகளில் நல்ல கெட்டிக்காரப் பெண் ஒருத்தி, ஏழெட்டு வயதுப் பையன் ஒருவனைத் தரையில் கிடத்தி, அவன் வாயிலிருந்து மணலை எடுத்துக்கொண்டிருந்தாள். விரலில் துணியைச் சுற்றி, பொறுமையாக, கடைவாய்ப் பல்லுக்குப் பின்னாலிருந்துகூட. அவன் வரும்போதே உயிரில்லை. அவளுக்கும் அது தெரியும். முக்கால் மணி நேரம் அந்த ஒரே பையனிடம் இருந்தாள்.

அவளுக்கு நான்கடி தள்ளி, சுவரில் சாய்ந்து ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். 30 வயதுக்குள்தான். காயம் இல்லை, சத்தம் இல்லை, யாரையும் கூப்பிடவில்லை. அதனால் நாங்களும் போகவில்லை. கடல்தண்ணீரும் சேறும் நுரையீரலுக்குள் போயிருந்தது. அவள் மூச்சை ஒருவர் எண்ணியிருந்தால் 40-க்கு மேல் இருந்திருக்கும். எண்ணவில்லை. சாயங்காலத்துக்குள் போய்விட்டாள்.

அந்த மாணவியின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவளுக்கு டியூட்டர் நான். பேரிடரின் நான்கு கட்டங்களை நான் அவளுக்கு நடத்தியிருந்தேன், அவளும் எழுதி மார்க் வாங்கியிருந்தாள். அந்தச் சுவரோரப் பெண்ணைப் பார்க்க மட்டும் நான் சொல்லித்தரவில்லை. அதே வருஷம் ஜூலை 16-ல் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் இறந்தார்கள். எங்கள் பக்கத்து ஊர். அதற்குப் பிறகாவது பாடத்தை மாற்றியிருக்க வேண்டும். ஐந்து மாதம் கையில் இருந்தது, மாற்றவில்லை. ஒத்திகையில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் ஒருவரை நான் வைப்பது அந்தச் சுவரோரப் பெண்ணுக்காக.

சரி, உன் அட்டைக்கு வருகிறேன். குழந்தைகளுக்கு விதி கொஞ்சம் வேறு, அதை உனக்குச் சொன்னார்களா? பெரியவர்களுக்குக் காற்றுப்பாதையைத் திறந்தும் மூச்சு வரவில்லை என்றால் கறுப்பு. குழந்தைகளுக்கு அப்படி இல்லை. பெரும்பாலும் முதலில் மூச்சுதான் நிற்கும், இதயம் இன்னும் கொஞ்ச நேரம் ஓடும். அதனால் நாடி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து, இருந்தால் ஐந்து மூச்சு கொடுக்கவேண்டும். மூச்சு திரும்பினால் சிவப்பு. அப்போதும் திரும்பவில்லை என்றால்தான் கறுப்பு. குழந்தைகளுக்கான இந்த முறைக்கு 'ஜம்ப்ஸ்டார்ட்' என்று பெயர். உன் கை நின்றபோது உள்ளே ஏதோ ஒன்று 'இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது' என்று சொல்லியிருக்கலாம். பாக்கி இருந்தது. அந்த ஐந்து மூச்சைக் கொடுத்துவிட்டுக் கட்டு.

கறுப்பு அட்டை கட்டுவது அந்தக் குழந்தையைக் கைவிடுவது அல்ல. ஒரு துணியைப் போர்த்து. யாராவது ஒருவரை, நடக்க முடிந்த பச்சை ஆளையாவது, பக்கத்தில் உட்கார வை. கை ஓய்ந்ததும் திரும்பப் போய்ப் பார், ஒருமுறை கட்டிய நிறம் கடைசிவரைக்கும் அல்ல. அப்புறம், ராத்திரி தூக்கம் வரவில்லை என்றால் டியூட்டரிடம் போய்ச் சொல். கிண்டல் செய்த தோழிகளை அடுத்த ஒத்திகையில் அந்த அட்டையோடு நிற்கச் சொல்லும்படி உன் ஆசிரியரிடம் கேள்.

"இணையத்தில் இரண்டு மணி நேரப் பேரிடர் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கிவிட்டேன். போதுமா?"
- மாணவர், சேலம்

படிப்புக்குப் போதும். கைக்குப் போதாது. நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு விடுதி மாடியிலிருந்து ஒருவரைப் போர்வையில் இறக்கிப் பாருங்கள் தம்பி, பிறகு எழுதுங்கள்.

"சென்னையில் ஐ.சி.யூ.வில் ஸ்டாஃப் நர்ஸ். பயிற்சிக்கு வரும் மாணவிகளுக்கு வென்டிலேட்டர், இன்ஃப்யூஷன் பம்ப் எல்லாம் சொல்லிக்கொடுக்கிறோம். மின்சாரம் முழுதாகப் போனால் என்ன செய்வது என்று ஒரு மாணவி கேட்டாள். எனக்கே முழுப் பதில் தெரியவில்லை."
- செவிலியர், சென்னை

அந்த மாணவியை எனக்குப் பிடித்துவிட்டது. ஜெனரேட்டர் இருக்கும் கீழ்த்தளத்துக்குள் தண்ணீர் வந்தால் என்ன ஆகும் என்பதை 2015 டிசம்பர் வெள்ளம் சென்னைக்குக் காட்டிவிட்டது. அதனால் இது கற்பனைக் கேள்வி இல்லை.

முதலில் அம்பு பேக், அதாவது கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் பை. ஒவ்வொரு வென்டிலேட்டர் கட்டிலின் தலைமாட்டிலும் ஒன்று தொங்கவேண்டும். அலமாரிக்குள் இருந்தால் இருட்டில் கிடைக்காது. பெரியவர்களுக்கு ஆறு விநாடிக்கு ஒரு அழுத்து, நெஞ்சு எழும்பும் அளவுக்கு மட்டும். பதற்றத்தில் எல்லாரும் வேகமாக அழுத்துவார்கள், அதுதான் ஆபத்து. மாணவியை விளக்கணைத்த அறையில் பொம்மையோடு உட்கார வைத்து, வாய்விட்டு ஒன்று முதல் ஆறு எண்ணிக்கொண்டே அழுத்தச் சொல்லுங்கள். ஐந்து நிமிடத்தில் முன்கை வலிக்கும், பத்து நிமிடத்தில் எண்ணிக்கை தடுமாறும். ஒரு நோயாளிக்கு ஓர் இரவு தாண்ட எத்தனை பேர் வேண்டும் என்று அப்போது அவளே கணக்குப் போடுவாள். நான் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றுவேன்.

அடுத்தது ஆக்சிஜன் கணக்கு. முழுதாக நிரம்பிய பி டைப் சிலிண்டரில் 1,500 லிட்டர். நிமிடத்துக்கு 5 லிட்டர் ஓடினால் 300 நிமிடம், அதாவது 5 மணி நேரம். பெரிய டி டைப் 7,000 லிட்டர், நிமிடத்துக்கு 10 லிட்டர் என்றால் 700 நிமிடம், பதினொன்றே முக்கால் மணிக்குக் கொஞ்சம் குறைவு. சிலிண்டரை மாட்டியவுடன் அதன் மேலேயே சாக்பீஸால் 'எத்தனை மணிக்கு மாட்டியது, எத்தனை மணிக்குத் தீரும்' என்று எழுதும் பழக்கத்தை மாணவிக்குக் கொண்டுவாருங்கள். சாதாரண நாளிலேயே.

மருந்தை அளவாக நரம்பில் ஏற்றும் இன்ஃப்யூஷன் பம்ப் நின்றுவிட்டால் சொட்டு எண்ணவேண்டும். ஒரு மில்லிக்கு 20 சொட்டு விழும் டிரிப் செட் என்றால், மணிக்கு எத்தனை மில்லியோ அதை மூன்றால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று வந்துவிடும். மணிக்கு 90 மில்லி, நிமிடத்துக்கு 30 சொட்டு. எங்கள் காலத்தில் எல்லாரும் இதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வோம். பம்ப் வந்தபிறகு சொல்லித்தருவதையே விட்டுவிட்டோம், அது தப்பு. சக்ஷனுக்கு, அதாவது சளியை உறிஞ்சி எடுக்க, காலால் மிதிக்கும் கருவி ஒன்று வாங்கி வையுங்கள். அதுவும் இல்லாத நேரத்தில் 50 மில்லி சிரிஞ்சை சக்ஷன் டியூபில் பொருத்தி இழுத்துச் சமாளித்திருக்கிறோம்.

கடைசியாக, கேஸ் ஷீட் கம்ப்யூட்டரில் மட்டும் இருக்கிறதா? அப்படியானால் புயல் எச்சரிக்கை வந்த அன்றே ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு பக்கம் அச்சடித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கட்டிலில் கட்டிவிடுங்கள். இறக்கி வேறு மருத்துவமனைக்கு அனுப்பும்போது அந்த ஒரு தாள்தான் அவரோடு போகும்.

"என் மகள் தூத்துக்குடியில் நர்சிங் படிக்கிறாள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் நாங்கள் இரண்டு நாள் மாடியில் இருந்தோம். இப்போது கல்லூரியில் 'பேரிடர் தன்னார்வலர்' என்று பெயர் கேட்கிறார்கள். படிக்கிற பிள்ளையை இப்படி அனுப்பலாமா அம்மா?"
- ஒரு தந்தை

காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டிய வெள்ளம் அது. பார்த்தவருக்குப் பயம் இருக்கத்தான் செய்யும். அனுப்பலாம் ஐயா, ஆனால் சில விஷயங்களைக் கல்லூரியில் நேரில் கேட்டுவிட்டு அனுப்புங்கள். தனியாக அனுப்பமாட்டோம், ஆசிரியர் ஒருவர் கூடவே இருப்பார் என்று சொல்கிறார்களா? மஞ்சள் காமாலை பி தடுப்பூசி மூன்று தவணையும், டெட்டனஸுக்கான டி.டி. ஊசியும் போட்டாகிவிட்டதா? ஓடும் தண்ணீரில் இறங்கும் வேலை தீயணைப்புத் துறைக்கும், அரக்கோணத்திலிருந்து வரும் தேசியப் பேரிடர் மீட்புப் படைக்கும் உரியது. மாணவிக்கு முகாமில் வேலை, மருத்துவமனையில் வேலை. இதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் பக்கத்திலும் ஒரு வேலை இருக்கிறது. சர்வதேச செவிலியர் கவுன்சில் 2019-ல் புதுப்பித்த பேரிடர் நர்சிங் தகுதிகளில், செவிலியர் தன் சொந்தக் குடும்பத்துக்கு ஒரு திட்டம் வைத்திருப்பதும் சேர்த்திதான். வீட்டில் அம்மாவும் தம்பியும் எங்கே என்று தெரியாமல் எந்த நர்ஸாலும் வார்டில் நிற்க முடியாது. வெள்ளம் வந்தால் நீங்கள் எந்த உறவினர் வீட்டுக்குப் போவீர்கள், போன் வேலை செய்யாவிட்டால் யாரிடம் சொல்லிவிட்டுப் போவீர்கள் என்று மகளோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070. இரண்டையும் சுவரில் எழுதி வையுங்கள்.

"கஜா புயலைப் பார்த்த ஊர் எங்களுடையது. பயிற்சிக்கு எங்கள் கிராமத்துக்கு வரும் நர்சிங் பிள்ளைகள் வீட்டுக் கணக்கு எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அவர்களை வேறு எப்படிப் பயன்படுத்தலாம்? பிணங்களால் கொள்ளைநோய் வரும் என்ற பயத்தைப் பற்றியும் சொல்லுங்கள்."
- கிராம சுகாதாரச் செவிலியர், வேதாரண்யம் வட்டம்

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா உங்கள் ஊரைத்தான் கடந்தது. அதற்குப் பிறகு வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் இருந்தீர்கள். நீங்களே எனக்குப் பாடம் சொல்லக்கூடியவர். இருந்தாலும் கேட்டதற்குச் சொல்கிறேன்.

அந்த வீட்டுக் கணக்கையே மாற்றி எடுக்கச் சொல்லுங்கள் சகோதரி. அடுத்த ஒரு மாதத்தில் பிரசவம் யார் யாருக்கு? இன்சுலின் போடுகிறவர் யார்? டயாலிசிஸ் போகிறவர், வீட்டில் ஆக்சிஜன் வைத்திருப்பவர், படுத்த படுக்கையாக இருப்பவர், வலிப்பு மாத்திரை நிறுத்தக்கூடாதவர்? ஒரு பக்கத்தில் அடங்கும். ஐப்பசி பிறப்பதற்குள் புதுப்பித்துவிடவேண்டும். புயல் அறிவிப்பு வந்ததும் கர்ப்பிணிகளை முன்கூட்டியே மருத்துவமனையில் சேர்க்க அந்தத் தாள்தான் உதவும். ஃபிரிட்ஜ் நின்றால் இன்சுலினை என்ன செய்வது என்று மாணவிகள் வீடு வீடாகச் செய்துகாட்டட்டும்: பானையில் ஈரமணல், அதற்குள் சின்ன மண்சட்டி, சட்டிக்குள் பிளாஸ்டிக் உறையில் மருந்து, மேலே ஈரத்துணி, நிழலில்.

பிணங்களைப் பற்றிய பயம் 2004-லும் இருந்தது. அந்தப் பயத்தில் அடையாளம் பார்க்காமல் அவசரமாகப் புதைத்தோம். விபத்திலும் வெள்ளத்திலும் இறந்தவர் உடலால் ஊருக்குள் கொள்ளைநோய் பரவாது. உலக சுகாதார நிறுவனமும் செஞ்சிலுவைச் சங்கமும் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கின்றன. உடலைத் தூக்குகிறவர் கையுறை போட்டு, கையைக் கழுவினால் போதும். மாணவிக்குச் சொல்லித்தரவேண்டியது வேறு: ஒரு உடலுக்கு ஒரு எண். அந்த எண்ணையும் சேர்த்து முகத்தைப் படம் எடு. தாலி, கொலுசு, சேலை நிறம், கையில் பச்சை குத்திய பெயர், தையல் தழும்பு எல்லாம் எழுது. பிறகு அடக்கம். மகளைத் தேடி முகாம் முகாமாக நடந்த ஒரு தாய், என்னிடம் ஒரு ஒற்றைக் கொலுசைக் காட்டி, "இதோட ஜோடியைப் பாத்தீங்களா சிஸ்டர்?" என்று கேட்டார். எழுதி வைத்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

உயிரோடு இருப்பவர்களால்தான் நோய் பரவும், குறிப்பாக நெரிசலான முகாமில். சுனாமிக்குப் பின் கடலூர் மாவட்டத்தில் தட்டம்மை பரவியது. அதனால் முகாமில் பிள்ளைகளுக்குத் தட்டம்மைத் தடுப்பூசியும் வைட்டமின் ஏ-யும் முதல் வேலை. குடிநீருக்கு, நல்ல பிளீச்சிங் பவுடர் 1,000 லிட்டருக்குச் சுமார் இரண்டரை கிராம். ஒரு மணி நேரம் கழித்துக் குளோரின் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே விநியோகம். பேதிக்கு உப்புச்சர்க்கரைக் கரைசல்: ஒரு லிட்டர் தண்ணீர், தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. சேற்றுத் தண்ணீரில் நின்று வேலை செய்தவர்களுக்கு எலிக்காய்ச்சல் மருந்து டாக்டர் சொல்லும்படி. சேறு புகுந்த காயத்தை நன்றாகக் கழுவித் திறந்தே வைத்து, சில நாள் கழித்துத் தைக்கவேண்டும். அன்று நாங்கள் அவசரப்பட்டுத் தைத்த காயங்களில் பாதிக்கு மேல் நான்காம் நாள் சீழ் வைத்துத் திரும்ப வந்தன.

"ஆசிரியை, ஒரு நர்சிங் மாணவி எப்போதும் பையில் வைத்திருக்க வேண்டியவை என்னென்ன?"
- மாணவிகள் சிலர், கடலூர்

சின்ன டார்ச், விசில், துணி வெட்டும் கத்தரிக்கோல், நான்கு ஜோடிக் கையுறை, இரண்டு முக்கோணக் கட்டுத்துணி. விநாடி முள் உள்ள கைக்கடிகாரம், ஏனென்றால் மூச்சை எண்ண போனை நம்பக்கூடாது. ஒரு தாளில் உங்கள் பெயர், ரத்த வகை, வீட்டு எண்கள். அழியாத மையுள்ள கறுப்பு மார்க்கர் ஒன்று. அட்டை தீர்ந்துபோனால் நெற்றியிலோ கையிலோ நேராக எழுதலாம், 2004-ல் எங்களிடம் கடைசியில் மிஞ்சியது அதுதான். அதன் மூடியை இறுக்கி மூடி வையுங்கள். மாதத்தில் முதல் திங்கட்கிழமை உங்கள் கையிலேயே ஒரு கோடு போட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் அன்றே மாற்றிவிடுங்கள்.